தடைக்காலத்தில் ஒரு செமஸ்டர்

கேள்வி: அக்கா, எனக்குப் பாம்பன் பக்கம். கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு முடித்துவிட்டேன். கடைசி செமஸ்டரை ஐரோப்பாவில் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. பாரிஸ், லிஸ்பன், ஜெர்மனியில் கீல், இந்த மூன்றில் ஒன்றை மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகை வந்தால் உண்டு. வீட்டில் பாரிஸ் என்கிறார்கள், நாலு பேரிடம் சொல்ல நன்றாக இருக்குமாம். சீனியர் ஒருவர் லிஸ்பன்தான் ஜாலி என்கிறார். எங்கள் பேராசிரியர் கீல் என்கிறார், அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு விசைப்படகில் பங்கு. எதைத்தான் எடுப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, பத்திரிகை கடைக்கு வருவதற்குள் உன் கெடு முடிந்துவிடும் என்பதால் இதை உனக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன். என் ஓட்டு கீலுக்கு. ஆனால் அதில் இரண்டு "ஆனால்" இருக்கிறது, அதனால் பாதியில் நிறுத்தாமல் படி.

முதலில் காலண்டரை எடு. ஜெர்மனியில் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலையில் முடியும். நம்ம கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நீ அங்கே வாடகை கட்ட வேண்டிய மாதங்களில் அப்பாவின் படகு கரையில் கிடக்கும், சும்மாவும் கிடக்காது, மராமத்து, பெயிண்ட், வலை என்று கையில் இருப்பதையும் தின்றுகொண்டு கிடக்கும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டு மளிகைக்கே காணாது. லிஸ்பனும் பாரிஸும் ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும், இருந்தாலும் அவற்றின் வால் பகுதியும் இதே தடைக்காலத்தில்தான் வந்து விழுகிறது. மே மாதம் நடுராத்திரியில் "அப்பா, பணம்" என்று போன் போடும் நிலைமை எந்த ஊரில் வராதோ அந்த ஊரைப் பார். ஐரோப்பா போகும் பிள்ளைகள் கோபுரத்தையும் பாலத்தையும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், உன் கேள்வியில் தேதிதான் பெரிய விஷயம்.

எல்லோரும் திட்டுகிற ஒரு ஜெர்மன் விதி உனக்கு உதவுவது இங்கேதான். உதவித்தொகை இல்லாதவர்கள் விசாவுக்கு முன்பே ஒரு பிளாக்டு அக்கவுண்டில் பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். இப்போதைய கணக்கு மாதம் 992 யூரோ. ஐந்து மாதம் என்றால் 4,960 யூரோ, யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய ஐந்து லட்சம். ஆமாம், பெரிய தொகை, கேட்டதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தப் பணம் மொத்தமாக உன் கைக்கு வராது, மாதத்துக்கு இவ்வளவு என்று அதுவாக அவிழும். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் புரட்டிப் போட்டுவிட்டால், படகு கரையேறிய பிறகு வீட்டைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். கந்துவட்டிக்கு மட்டும் போகாதே, கல்விக் கடனுக்கு வங்கியில் இப்போதே கேட்டு வை. ஐரோப்பிய ஒன்றியம் மாணவர் பரிமாற்றத்துக்குப் பணம் தரும் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இடம் வந்தால் கதையே வேறு, நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை அதில் கிடைக்கும். உன் கல்லூரி அவர்களோடு போட்ட ஒப்பந்தம் அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று கல்லூரியில் ஒரு வார்த்தை கேள், சில கல்லூரிகளில் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

சரி, பாரிஸ். கடல் படிக்கிற பிள்ளை கடல் இல்லாத ஊருக்கு எதற்குப் போக வேண்டும்? அங்கிருந்து கடலைப் பார்க்க நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போக வேண்டும். வாடகையோ பிரான்ஸிலேயே அதிகம் அங்கேதான். ஒரே ஒரு விதிவிலக்கு. உன் அழைப்பு சோர்போன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தால் கொஞ்சம் பொறு. அவர்களுடைய கடல் ஆய்வு நிலையங்கள் பாரிஸில் இல்லை, ரோஸ்காஃப், பான்யூல்ஸ், வில்ஃபிரான்ஷ் என்ற கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. ரோஸ்காஃப் நிலையம் 1872-இல் தொடங்கியது, கடற்பாசி ஆய்வுக்குப் பேர்போன இடம். நம்ம பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பறிக்கிறார்களே மரிக்கொழுந்துப் பாசி, குளிர்பானக் கம்பெனி கொண்டுவந்ததால் "பெப்சி பாசி" என்றே பெயர் வாங்கிய அந்தக் கப்பாபைகஸ், இதெல்லாம் பார்த்து வளர்ந்த நீ ரோஸ்காஃபில் உட்கார்ந்தால் உனக்குக் கேள்விக்குப் பஞ்சமே இருக்காது. புராஜெக்ட் நடப்பது ரோஸ்காஃபில்தான் என்று எழுத்தில் வந்தால் பாரிஸை எடு, என் ஓட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

லிஸ்பன் பற்றி எழுதும்போது எனக்கே கை தடுமாறுகிறது, அந்த ஊருக்கும் நமக்கும் அவ்வளவு பழக்கம். ஓரியூரில் 1693-இல் வெட்டுப்பட்ட அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ, 1647-இல் பிறந்தது லிஸ்பனில்தான். உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் வேதாளையில் 1538-இல் போர்த்துகீசியரும் மரக்காயர் படையும் மோதியிருக்கிறார்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் விட்டுப்போன வார்த்தைகள். அங்கே பழைய மளிகைக் கடைகளில் உப்புக்கண்டம் போட்ட காட் மீனைப் பலகை பலகையாக அடுக்கி வைத்திருப்பார்கள், வாசலில் நின்றாலே பாம்பன் கருவாட்டுக் கொட்டகையில் நிற்பதுபோல இருக்கும். ஆசை என்று பார்த்தால் லிஸ்பன்தான். ஆனால் வீட்டு வாடகை சில வருடங்களாக அங்கே எகிறிக் கிடக்கிறது, 500 யூரோவுக்குக் கீழே நல்ல அறை குதிரைக்கொம்பு. பிப்ரவரியில் போய் இறங்கினால் இன்னொன்றும் புரியும். வெளியே குளிர் சுமார்தான், வீட்டுக்குள்தான் நடுங்கும், ஏனென்றால் பல பழைய வீடுகளில் ஹீட்டரே கிடையாது.

அப்புறம் கீல். ஜெர்மனியின் வடக்கு ஓரம், பால்டிக் கடல். ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பேராசிரியர் ஏன் சொன்னார் என்றால் ஜியோமார் என்ற பெரிய கடல் ஆய்வு மையம் அங்கே இருக்கிறது. உப்புக் குறைந்த, நீர்மட்ட ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான் இருக்கிற கடல். மீன்வளம் அடிவாங்கிய கடலும்கூட. மேற்கு பால்டிக்கில் காட் மீனைக் குறிவைத்துப் பிடிப்பதற்கு 2022-லிருந்து தடை, வேறு மீனோடு சேர்ந்து வலையில் விழுவதை மட்டும் கொண்டுவரலாம். அந்தக் கரையிலும் படகை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். 61 நாள் தடைக்காலத்தை வீட்டுக்குள்ளிருந்து பார்த்த பெண் அங்கே போய்க் கேட்கிற கேள்வி, பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவர் கேட்பதுபோல இருக்காது. உன் புராஜெக்ட் இதிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம், முடிவு உன்னுடையதும் பேராசிரியருடையதும். இடையில் ஒன்று, வடகடலையும் பால்டிக்கையும் இணைக்கும் 98 கிலோமீட்டர் கீல் கால்வாயை 1895-லேயே திறந்துவிட்டார்கள். நம்ம சேது கால்வாய் 2005-இல் தொடங்கி எங்கே நிற்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொன்ன "ஆனால்"களுக்கு வருகிறேன். ஒன்று, ஏப்ரலில் அங்கே வகுப்பு தொடங்கும்போது இங்கே செமஸ்டர் பரீட்சை நெருங்கிவிடும். கடைசி செமஸ்டர் முழுக்க புராஜெக்ட் என்றால் பிரச்சினை குறைவு, இரண்டு பேப்பர் எழுத வேண்டியிருந்தால் சிக்கல். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எதற்குப் பதிலாக ஏற்கப்படும் என்று லேர்னிங் அக்ரிமெண்ட்டில் எழுதி, நீ, உன் கல்லூரி, அவர்கள் என மூன்று கையெழுத்தும் விழுந்த பிறகுதான் டிக்கெட். முழு செமஸ்டர் என்பது அவர்கள் கணக்கில் 30 கிரெடிட், நீ எத்தனை எடுத்தால் போதும் என்பதையும் அதிலேயே எழுதிவிடு. "வந்து பார்த்துக்கலாம்மா" என்று யார் சொன்னாலும் நம்பாதே. என் அக்கா மகன் நம்பினான், திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து ஒரு பேப்பரை மறுபடி எழுதினான்.

இரண்டாவது அறை. அதே பையன்தான், பார்க்காத அறைக்கு 600 யூரோ அட்வான்ஸ் அனுப்பினான். போட்டோவில் வெள்ளை மெத்தை, ஜன்னலில் பூந்தொட்டி. பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த முகவரியில் போய் நின்றால் முடிவெட்டும் கடை. மூன்று வாரம் யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் படுத்தான். ஜெர்மனியில் இது பணத்தோடு போகாது, குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதனால் ஸ்டூடென்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே விண்ணப்பி. விடுதி கிடைக்காது என்று தெளிவாகிவிட்டால் எந்த ஊரில் அறை உறுதியோ அந்த ஊர், நான் சொன்னது எல்லாவற்றையும் மற.

பாரிஸ் போகவில்லையே என்று அம்மா வருத்தப்பட்டால் சொல், செமஸ்டருக்கு நீ வாங்குவது 90 நாளுக்கு மேற்பட்ட தேசிய விசா, அது இருந்தால் ஷெங்கன் என்ற பொது விசா ஏற்பாட்டில் இருக்கும் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். ஈஃபில் டவர் முன்னால் போட்டோ எடுத்து அனுப்பிவிடு, சொல்லிக்கொள்ள அது போதும்.

நெய்யும் பால்கோவாவும் கட்டாதே, இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோக அங்கே தடை. கருவாட்டுக்குத் தடையில்லை. ஆனால் விடுதியில் பொதுச் சமையலறை, நீ நெத்திலிக் கருவாட்டை வறுக்கிற அன்றைக்கு மாடி முழுக்க ஜன்னல் திறக்கும். கீலிலேயே ஸ்ப்ராட் என்று நெத்திலி மாதிரி சின்ன மீனைப் புகையில் வாட்டி, தலையோடு வாலோடு தின்கிறார்கள், அதை ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கு.

இன்றைக்கு ராத்திரி இரண்டு மெயில் போடு. பாரிஸுக்கு, புராஜெக்ட் நடப்பது எந்த ஊரில் என்று. கீலுக்கு, வெளிநாட்டு மாணவர்களுக்கு விடுதி ஒதுக்கீடு இருக்கிறதா என்று. பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுது.