எக்செல்லும் ஓதமும்

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் நானும் கணவரும் பிரான்சின் பிரித்தானி கடற்கரைக்குப் போகிறோம். சேன் மாலோவில் 6 நாள் தங்கல். அவர் எக்செல்லில் 17 இடங்கள் போட்டு வைத்திருக்கிறார். எனக்குச் சாப்பாடுதான் கவலை. மீன், முட்டை சாப்பிடுவேன். ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகலாமா? இந்திய உணவகம் இருக்குமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

போன வாரம்தான் நானும் மனைவியும் அந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் கடிதம் வந்து நிற்கிறது.

6 நாளில் 17 இடமா? உங்கள் கணவர் ஊர் பார்க்கப் போகிறாரா, மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போகிறாரா? அந்த எக்செல்லை மூடிவிட்டு ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று நாள்வாரியாக அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். நம் சென்னையில் கடல் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம். சேன் மாலோவில் பெரிய ஓத நாட்களில் 12 மீட்டருக்கு மேல். நாலு மாடி உயரம்! அந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் பக்கத்து ரான்ஸ் ஆற்றுமுகத்தில் 1966லேயே ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

மெரினாவில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? கோட்டைச் சுவருக்கு வெளியே கிராண்ட் பே என்று ஒரு குட்டித் தீவு. கடல் வற்றியிருக்கும்போது நடந்தே போகலாம். எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை அங்கேதான். பெயர்கூடப் பொறிக்காத கல், ஒரு சிலுவை, எதிரே கடல். நானும் கையில் ஒரு பட்டியலோடுதான் போனேன். அடுத்து எங்கே என்று நானும் மனைவியும் சண்டை போட்டு முடிப்பதற்குள் வந்த பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. மாட்டிக்கொண்டால் இறங்காதே, கடல் வற்றும்வரை இரு என்று பலகை வைத்திருக்கிறார்கள். இருந்தோம். ஐந்து மணி நேரம்.

கையில் இருந்தது கூயின் அமான் என்ற பிரித்தானிக் கேக் ஒரே ஒன்று. மாவு, சர்க்கரை, வெண்ணெய், அவ்வளவுதான். வெண்ணெய் ஊறிக் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அடியில் சர்க்கரை கருகி, கடித்தால் நொறுங்கியது. இனிப்புக்கு நடுவே நாக்கில் சுருக்கென்று உப்பு. புரட்சிக்கு முந்திய பிரான்சில் உப்புக்குக் கடுமையான வரி இருந்தது. பிரித்தானிக்கு அந்த வரி கிடையாது. அங்கே வெண்ணெயில் தாராளமாக உப்புப் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். பாதியைப் பிய்த்துக் கொடுத்த மனைவி, எதிரே இருந்த மதிலைப் பார்த்து, “நாலு நாளா இந்த ஊருக்குள்ளேயே சுத்தறோம், இப்பத்தான் ஊரு எப்படி இருக்குன்னே தெரியுது” என்றாள். சண்டை அத்தோடு முடிந்தது. 1944இல் குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்து, பழையபடி கல்லில் எழுப்பிய ஊர் அது. (1746இல் நம் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே பிறந்ததும் அங்கேதான். கோபம் வேண்டாம்.)

சாப்பாட்டைக் கேட்டீர்கள் அல்லவா. மதியம் இரண்டு மணிக்கு மேல் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள். கோதுமை அல்லாத ஒரு கறுப்புத் தானியத்தின் மாவில் கலெத் என்று ஒன்று வார்ப்பார்கள். பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொல்லி முட்டையும் சீஸும் வைத்துக் கேளுங்கள். தோசைக்கு ஏங்க மாட்டீர்கள். பக்கத்து ஊரான கான்காலுக்குப் போனால் துறைமுகத்து ஓரத்தில் சிப்பியைக் கண்ணெதிரே திறந்து எலுமிச்சையோடு தருவார்கள். அளவுக்கு எண் போட்டிருப்பார்கள்; எண் சிறிதானால் சிப்பி பெரிது, குழம்பாதீர்கள். வாங்கிய ஒரு டஜனில் பதினொன்றை என் மனைவி சாப்பிட்டாள். மிச்சம் ஒன்றை நான் கடலைப் பார்த்தபடி விழுங்கினேன்.

இந்திய உணவகமா? நாங்கள் தேடவே இல்லை. ரைஸ் குக்கரை வீட்டில் வையுங்கள். புளிக்காய்ச்சல் மட்டும் ஒரு சின்ன டப்பாவில் இருக்கட்டும். தீவில் மாட்டிக்கொண்டால் உதவும்.