போட்டோவில் பின்னணியை மாற்றினால் முடி ஓரம் மட்டும் ஏன் ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது?

பின்னணியை நீக்குவது என்றால் ஆளை வெட்டி எடுப்பது இல்லை, ஒவ்வொரு பிக்சலும் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்வதுதான். அதைச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பெயர் மாஸ்க்: வெள்ளை தெரியும், கறுப்பு மறையும், சாம்பல் அரைகுறையாகத் தெரியும்.

சட்டை, தோள் எல்லாம் சுலபம். முடிதான் தலைவலி. ஒரு முடி பெரும்பாலும் ஒரு பிக்சலைவிட மெலிதாக இருப்பதால், அந்த ஒரே பிக்சலில் முடியின் நிறமும் பின்னால் இருந்த சுவரின் நிறமும் கலந்தே பதிவாகிவிடும். குழைத்த பெயிண்டிலிருந்து ஒரு நிறத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க முடியுமா? அதே கதைதான். பச்சைச் சுவர் முன்னால் எடுத்த படத்தை வேறு பின்னணியில் வைத்தால் முடியைச் சுற்றிப் பச்சை தெரிவது இதனால்தான். அங்கே மாஸ்க் சாம்பலாக இருக்க வேண்டும், அப்புறம் ஒட்டியிருக்கும் பழைய நிறத்தையும் மாற்ற வேண்டும்; போட்டோஷாப்பில் செலக்ட் அண்ட் மாஸ்க் பகுதியில் இதற்கென்றே டீகன்டாமினேட் கலர்ஸ் என்ற வசதி இருக்கிறது. (எரேசர் வேண்டாம். மாஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.)

ஓரம் முழுவதையும் ஃபெதர் போட்டு மங்கலாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் அது கூர்மையாக இருக்க வேண்டிய தோளையும் காதையும் சேர்த்து மங்கலாக்கும், முடியில் கலந்த பழைய நிறமோ அப்படியே நிற்கும்.