வீட்டு ஸ்டுடியோவில் டிரம்ஸ் ரெக்கார்ட் செய்ய எட்டு மைக் கட்டாயமா? எங்கெங்கே வைக்க வேண்டும்?

கட்டாயமில்லை. எட்டு மைக்கும் வைத்துக் கெடுத்தவன் சொல்கிறேன்.

நீங்கள் யூடியூப் பார்த்துவிட்டு, நாலு இன்புட் இன்டர்ஃபேஸைக் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கையில் வைத்துக்கொண்டு, மீதிக்குக் கடன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வாங்காதீர்கள்.

எனக்குக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பக்கம். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதுதான் ஸ்டுடியோ. சர்ச் பாட்டு, கோயில் பாட்டு, சிங்காரி மேளம் எல்லாம் வரும். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாடகர் குழு ஒன்று நாலு பாட்டோடு வந்தது. டிரம்ஸ் அடிக்கப் பாறசாலையிலிருந்து ஒரு பையன். இரவல் மைக்கையும் சேர்த்துக் கிக்குக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்நேருக்கு (சுரீரென்று ஒலிக்கும் தட்டையான டிரம்) மேலும் கீழும், மூன்று டாமுக்கும் (உருட்டி அடிக்கும் டிரம்கள்) மூன்று, முழு செட்டையும் மேலிருந்து பிடிக்கும் ஓவர்ஹெட் இரண்டு என்று வைத்தேன். தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றும் பிரமாதம். எல்லா ஃபேடரையும் (ஒவ்வொரு மைக்கின் சத்த அளவையும் கூட்டிக் குறைப்பது) ஏற்றினால் ஸ்நேர் பப்படம் நொறுங்குகிற மாதிரி இருக்கிறது. பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, நான் அடிச்சது இது இல்லையே" என்றான்.

ராத்திரி ரெண்டு மணிவரை ஈக்யூவைத் (கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைப்பது) திருகிக்கொண்டிருந்தேன். காலையில் பக்கத்து மனையில் மதில் கட்டிய கொத்தனாரிடம் நூல் வாங்கி அளந்தேன். ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரு ஓவர்ஹெட் மூன்றடியில், மற்றது நாலடி தாண்டி. ஓர் அடியைக் கடக்கச் சத்தத்துக்கு ஏறக்குறைய 0.9 மில்லி செகண்ட் ஆகும். ஸ்நேரை ஒட்டிய மைக்குக்கும் மூன்றடி மேலே இருக்கும் மைக்குக்கும் உள்ள அந்த இடைவெளியில், 190 ஹெர்ட்ஸ் வாக்கில் இரண்டு அலையும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேரின் கனம் இருப்பதே அந்த வட்டாரத்தில்தான். போதாக்குறைக்கு, கீழ் மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்பவும் மறந்திருந்தேன். தோல் மேல் மைக்கை விட்டு விலகும்போது கீழ் மைக்கை நோக்கி அல்லவா போகிறது!

நாலு மைக்கைக் கழற்றி எறிந்தேன். ஒரு ஓவர்ஹெட் ஸ்நேருக்கு நேர் மேலே; இன்னொன்று தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கு அப்பால், டாமைவிடக் கொஞ்சம் உயரத்தில், ஹைஹேட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) பார்த்தபடி. நூலைப் பிடித்தால் ஸ்நேரிலிருந்து இரண்டும் ஒரே தூரம், மூன்றரை அடி. இது கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய இன்ஜினியரின் வழி, என் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்நேர் மைக், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், முதுகு ஹைஹேட் பக்கம். கிக் மைக், முன்தோல் ஓட்டைக்குள் மூன்று அங்குலம். அப்புறம் ஸ்நேர் மைக்கின் போலாரிட்டி பட்டனை அழுத்தியும் விட்டும் கேட்டேன். எதில் கனம் கூடுகிறதோ அதுதான் சரி. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

கான்கிரீட் கூரை தாழ்வாக இருந்ததால் மேலே ஒரு தும்பு மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டேன். சிம்பல்களின் (தட்டுகளின்) இரைச்சல் பாதி குறைந்தது.

பெரிய ஸ்டுடியோக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இருபதடிக் கூரையும் நல்ல டிரம்மரும் இருந்தால் பன்னிரண்டு மைக் வையுங்கள், நான் தடுக்கவா போகிறேன். டாம் அதிகம் உருளும் பாட்டுக்கு எனக்கும் தனி மைக் வேண்டியிருக்கிறது.

சம்பந்தமில்லாத ஒன்று. இந்த மிக்ஸைச் சென்னைக்கு அனுப்பினேன். கேட்டவர் முதல் வரியிலேயே, "நல்லா இருக்கு, நீங்க மலையாளியா?" என்றார். 1956 நவம்பர் 1 முதல் நாங்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோம் ஐயா. எல்லை தாண்டிக் கேரளாவுக்கு வேலைக்குப் போனால் அங்கே எங்களுக்குப் பெயர் பாண்டி, அதாவது தமிழன். டிரம்ஸ் பற்றி ஒரு வார்த்தை பேசினால் போதாதா?

பாடகர் குழு மீதிப் பணத்தை ஈஸ்டருக்குத் தருவதாகச் சொன்னது. எந்த ஈஸ்டர் என்று நான்தான் கேட்டுவைக்கவில்லை.