அடுத்து என்ன படிப்பது? ஒரு கிளை நூலகரின் பதில்கள்

கிளை நூலகங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நல்ல புத்தகமாக ஒன்று கொடுங்கள் சார்" என்று கேட்காதவர் இல்லை. நானும் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: கடைசியாக எந்தப் புத்தகத்தை மூடிவைக்க மனம் வராமல் விளக்கை எரியவிட்டீர்கள்? அதில் எந்த இடத்தில்? இங்கே வந்திருக்கும் கேள்விகளுக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

கேள்வி (திருச்சி, வங்கி ஊழியர்): 'பொன்னியின் செல்வன்' மூன்று முறை படித்துவிட்டேன். அதன் பிறகு எதை எடுத்தாலும் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. அதே மாதிரி வேறு என்ன இருக்கிறது, ஐயா?

பதில்: "அதே மாதிரி" என்ற சொல்லில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அட்டையில் வாளும் மணிமுடியும் இருந்தால் போதும் என்று எடுத்துப் போவீர்கள், ஒட்டாது. உங்களைப் பிடித்து வைத்தது சரித்திரம்தானா என்று முதலில் பாருங்கள்.

1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. வாசகர் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும் என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாலில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சுக்காகப் படித்தவர் என்றால் சாண்டில்யனிடம் போங்கள். 'யவன ராணி' உங்களைக் கைவிடாது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து பார்க்கிறானே, அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தீர்களா? அப்படியானால் உங்களுக்குப் பிடித்தது அரசியல். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் எடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி, ஆளுநர் துய்ப்ளே, அவருக்கு அருகிலேயே இருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்த துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை. அவை முடிந்த பிறகும் பசி அடங்கவில்லை என்றால் பிள்ளையின் நாட்குறிப்பே இருக்கிறது. 1736-இல் தொடங்கி 1761 வரை எழுதியிருக்கிறார்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி இன்னும் அரிக்கிறதா? உங்களுக்கு வேண்டியது நாவலே இல்லை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றை எடுத்து உட்காருங்கள். உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் முதலான அந்தக் கொலையாளிகளின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன என்று அறியும்போது வரும் சிலிர்ப்பை எந்தக் கதாசிரியரும் தர முடியாது.

ஆனால் மூன்று முறை படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்தியத்தேவனுக்காகப் படித்தவர்கள் என்பது என் அனுமானம். வாய்த்துடுக்கும் துணிச்சலும் கொண்டு ஊர் ஊராகப் போகும் அப்படி ஓர் இளைஞன் வேண்டுமென்றால், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் இருக்கிறான். கதை நடப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இந்தோனேசியாவின் மெடானிலும் மலேயாவின் பினாங்கிலும். நடை முற்றிலும் வேறு. முதல் முப்பது பக்கம் மலைக்கோட்டைப் படி ஏறுவதுபோல் மூச்சு வாங்கும், சொல்லிவிட்டேன்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதைகள் எல்லாம் முடிந்துவிட்டன. இலக்கியம் என்று நண்பர்கள் கொடுப்பவை தூக்கத்தை வரவழைக்கின்றன. எனக்கு ரசனை இல்லையா?

பதில்: தம்பி, ரசனை இல்லாதவன் ஒரு வரிசையை முழுக்க முடிக்க மாட்டான். உனக்கு வேகம் வேண்டும். அவர்கள் கொடுத்த புத்தகங்களில் அது இல்லை, அவ்வளவுதான். பூமணியின் 'வெக்கை'யை எடுத்துப் பார். கொலை முதல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தவன் பதினைந்து வயதுப் பையன் என்பதும் தெரிந்துவிடுகிறது. யார் செய்தார் என்று தேடுவதற்கு ஒன்றுமில்லை. அப்பாவும் மகனும் காடு கரை என்று ஓடுவதுதான் மிச்சக் கதை. இதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்திருப்பாய். பரவாயில்லை, புத்தகம் வேறு மாதிரி.

கேள்வி (சேலம், இல்லத்தரசி): சாகித்ய அகாதெமி விருது பெற்ற புத்தகங்களை வரிசையாகப் படிக்கலாம் என்று பட்டியல் எடுத்து வைத்திருக்கிறேன். சரியான வழிதானா?

பதில்: பட்டியல் நல்லதுதான், வரிசையாகப் போவதுதான் வம்பு. தமிழுக்கான முதல் விருது 1955-இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகும் நாவல், கவிதை, ஆராய்ச்சி, சிறுகதை என்று மாறி மாறித்தான் வந்திருக்கிறது. நாவல் மட்டும் பிடிக்கும் உங்களுக்கு அது கல்யாணப் பந்தியில் ஊறுகாயிலிருந்து தொடங்குவதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று, விருது பல நேரம் எழுத்தாளருக்குத் தாமதமாக வந்து சேரும்; அந்த ஆண்டு கணக்கில் வந்த புத்தகத்தின் மேல் விழும். தி. ஜானகிராமனுக்கு 1979-இல் கிடைத்தது 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. வாசகர்கள் கேட்டு வாங்குவதோ 'மோகமுள்'ளும் 'அம்மா வந்தா'ளும். அசோகமித்திரனுக்கு 1996-இல் 'அப்பாவின் சிநேகிதர்'. நான் புதிய வாசகருக்கு எடுத்துக் கொடுப்பது 'தண்ணீர்'. சென்னையில் ஒரு தெரு குடம் குடமாகத் தண்ணீருக்கு அலைவதுதான் கதை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். ஆகவே பட்டியலில் எழுத்தாளர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தின் பெயரை விட்டுவிடுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி, ஆட்டோ ஓட்டுநர்): அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். எழுத்துக் கூட்டத் தெரியாது. இரவில் அரை மணி நேரம் வாசித்துக் காட்டலாம் என்று ஆசை. என்ன வாசிக்கட்டும்?

பதில்: வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. உங்கள் ஊர் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதியிருக்கிறார். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதை முதலில் எடுக்க வேண்டாம். பாத்தியில் காலமெல்லாம் நின்றவருக்கு அதையே மறுபடி கேட்கப் பிடிக்கும் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. சிலருக்குப் பிடிக்கும். சிலர், "இதைத்தானே இத்தனை நாள் பார்த்தேன், வேறு ஏதாவது சொல்" என்பார்கள்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் ஒரு பழைய கதவில் தொற்றி ஏறி பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். கரிசல்காட்டுப் பேச்சு அப்படியே காதுக்கு வரும். வாசிக்கும் உங்களுக்கும் நாக்கு இடறாது. அம்மா நடுவில் குறுக்கிட்டுத் தன் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். எந்த மாதிரிக் கதை அவருக்கு வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (கோவை, மென்பொருள் பணியாளர்): இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் பார்த்து வாங்கி ஏமாந்துவிட்டேன். அதை நம்பலாமா?

பதில்: மதிப்பெண்ணை விடுங்கள், குறை சொல்பவர்களைப் படியுங்கள். பாராட்டுகிறவர்கள் எல்லோரும் "அருமை, அவசியம் படிக்க வேண்டும்" என்று ஒரே மாதிரி எழுதுவார்கள். திட்டுகிறவர் காரணம் சொல்வார். "கதையே நகரவில்லை, சமையலறையையே பத்துப் பக்கம் எழுதுகிறார்" என்று ஒருவர் எரிச்சல்பட்டிருந்தால், என் மனைவி அதை அன்றைக்கே வாங்கிவிடுவாள்.

கேள்வி (நாகர்கோவில், செவிலியர்): மொழிபெயர்ப்பு நூல்களில் எதை நம்பி எடுப்பது?

பதில்: எழுதியவர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயரை. தமிழ் வாக்கியம் காதில் ஒலிக்கிறதா என்பது மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கிறது. ஒருவர் கை உங்களுக்குப் பிடித்துவிட்டால் அவர் எதை மொழிபெயர்த்தாலும் ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம். தகழியின் 'செம்மீன்' தமிழில் சுந்தர ராமசாமி செய்தது. மலையாளத்திலிருந்து இன்னும் வேண்டுமென்றால் குளச்சல் மு. யூசுஃப். வங்காளத்திலிருந்து சு. கிருஷ்ணமூர்த்தி, த. நா. குமாரஸ்வாமி.

நீங்கள் செவிலியர் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்', குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பு. நாடி பிடித்தே மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடும் கிராமத்துக் கிழ வைத்தியருக்கும், ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில மருத்துவத்துக்கும் இடையே நடக்கும் கதை. யார் பக்கம் சாய்கிறீர்கள் என்று படித்துவிட்டு எழுதுங்கள். நான் இரண்டு முறை கட்சி மாறினேன்.

கேள்வி (தஞ்சாவூர், ஆசிரியை): பாதியில் விட்ட புத்தகங்கள் அலமாரியில் என்னை முறைத்துப் பார்க்கின்றன. முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. விட்ட பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் ஏன் விட்டீர்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள். "பெயர்கள் குழப்புகின்றன", "எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்", "தேர்வு நேரம்" என்று ஏதாவது. ஏழெட்டுத் துண்டுகள் சேர்ந்தால் உங்கள் ரசனையைப் பற்றி என்னைவிட அவை நன்றாகச் சொல்லும். கடைசிக் காரணம் எழுதியதை மட்டும் கோடை விடுமுறையில் மறுபடி எடுங்கள்.

கேள்வி (சென்னை, பெயர் வேண்டாம்): ஒவ்வொரு ஜனவரியிலும் புத்தகக் காட்சியில் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறேன். பாதியைப் பிரிப்பதே இல்லை.

பதில்: இரண்டு நாள் போங்கள். முதல் நாள் பதிப்பகங்களின் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்புங்கள். இரண்டாம் நாள், குறித்து வைத்ததைக் கையில் எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைப் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாகவே எழுதுவார்கள். ஞெகிழித்தாள் சுற்றியிருந்தால் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் ஒரு முறை கூச்சப்பட்டுக் கேட்காமல் தடியான புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். நடுவே பதினாறு பக்கம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது.

கேள்வி (டொராண்டோ, இலங்கையிலிருந்து குடிபெயர்ந்தவர்): இங்கே தமிழ்ப் புத்தகக் கடைக்குப் போய்வருவதே ஒரு பயணம் மாதிரி.

பதில்: நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் குவிந்து கிடக்கின்றன. பழந்தமிழுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம். நாட்டுடைமை நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம். முதலில் இதழ்களைப் புரட்டுங்கள். ஒரே இதழில் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள், ஒருவராவது உங்கள் ஆளாக இருப்பார்.

கேள்வி (விருதுநகர், அஞ்சல் ஊழியர்): என் ரசனையோடு ஒத்துப்போகும் ஆளே ஊரில் இல்லை. யாரிடம் கேட்பது?

பதில்: இருப்பார், உங்களுக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் இதை நேரில் பார்த்தேன். வயதான வாசகர்கள் சிலர், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துப் போகாமலிருக்க, குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போடுவார்கள். இருபத்தொன்றாம் பக்கத்தில் முக்கோணம் ஒருவர். நாற்பதாம் பக்கத்து மூலையில் மீன் மாதிரி ஒரு சுழி இன்னொருவர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் மேசைக்கு வந்து, "சார், இந்த மீன் போட்டவர் படித்த புத்தகம் எல்லாம் எனக்குப் பிடிக்கிறது, வேறு எதில் மீன் இருக்கிறது?" என்று கேட்டாள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தவரின் குறி அது. பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும்போது நாற்பதாம் பக்கத்தைப் பார்த்து, மீன் இருப்பதை எடுத்துத் தனியாக வைப்பேன்.

உங்கள் ஊர் நூலகத்திலும் திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாத புத்தகங்கள் ஒரு மேசையில் கிடக்கும். அலமாரிக்குப் போகுமுன் அங்கே நில்லுங்கள். பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். விதிப்படி நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது, அந்த மீன்களை நான் அழித்திருக்க வேண்டும். இழுப்பறையில் ரப்பர் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று புதியதாகவே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.