இலங்கை மலையகச் சங்கங்களுக்கு நீண்டகாலத் திட்டம்: கேள்வியும் பதிலும்

ஹட்டன், சிறு தேயிலைத் தோட்டச் சங்கம்: அண்ணா, எத்தனை வருடத்துக்குத் திட்டம் போடுவது? மூன்று, ஐந்து, பத்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உங்கள் தொழிலில் எது மெதுவாக வளர்கிறதோ அதைப் பாருங்கள், தம்பி. பழைய செடியைப் பிடுங்கினால் மானா அல்லது குவாத்தமாலா புல் போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்ற வேண்டும். பிறகுதான் கன்று. அது ஒழுங்காகக் கொழுந்து தர இன்னும் மூன்று வருடமாவது போகும். மூன்று வருடத் திட்டத்தில் மறுநடுகை வெறும் நட்டமாகத்தான் தெரியும், கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கமாட்டார். அதனால் பத்து வருடம் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கவும் வேண்டாம். ஒரு மலையில் கவ்வாத்து வெட்டும்போது, அதாவது செடியைக் கத்தரித்து விடும்போது, அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறோம் அல்லவா, அதே மாதிரி துண்டு துண்டாகச் செய்யுங்கள்.

பண்டாரவளை: 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது போல திடீரென்று உரத்தை நிறுத்தினால் பத்து வருடத் திட்டம் என்ன ஆகும்?

அந்த வருடம் என் அரை ஏக்கரிலும் இலை வெளிறிச் சிறுத்துப்போனது, கூடை நிறையவே இல்லை. அதில் நான் படித்தது இது: திட்டத்தில் ஒரு தொகை எழுதினால், எதை நம்பி எழுதினோம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். உரம் இன்ன விலை, டொலர் இன்ன விலை, கொழுந்து இன்ன விலை. ஒன்று மாறினாலும் அந்த மாதமே சங்கம் கூடட்டும்.

இன்னொன்று. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்து, பிறகு அந்தத் தொழிலே அழிந்தது. ஆனால் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இலேயே கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி நன்றாக ஓடிய காலத்தில் நட்ட துண்டு அது. உங்களுக்கும் அப்படி ஒரு துண்டு வேண்டும். மிளகோ, அவகாடோவோ, எதுவாகவும் இருக்கட்டும். கையில் காசு வரும்போதே நடுங்கள்.

இன்னொரு கேள்வி: திட்டத்துக்கு முன் சங்கத்தின் பலம், பலவீனம் என்று அட்டவணை போடச் சொல்கிறார்களே?

போடுங்கள். அரை நாள் போதும்.

தலவாக்கலை, பெண்கள் குழு: சொந்தப் பெயரில் தேயிலை பக்கெட் போட்டு எல்லாக் கடைக்கும் கொடுக்கலாமா?

எல்லாக் கடையும் வேண்டாம், தங்கச்சி. கடனுக்குக் கொடுத்துவிட்டு வசூலுக்கு அலைவீர்கள். உங்கள் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். அந்தத் தூளை மட்டும் எடுத்து, எந்த மாதத்துத் தூள் என்று பக்கெட்டில் எழுதி, இரண்டாம் தடவை கேட்டு வருகிறவர்களின் பெயரைக் கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் எத்தனை பக்கெட் போடுவது என்று அந்தக் கொப்பி சொல்லும். தேயிலைச் சபையில் என்ன பதிவு தேவை என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நுவரெலியா: பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். பத்து வருடம் கழித்து இதை யார் நடத்துவது?

எனக்கும் இதுதான் பெரிய கவலை, ஐயா. பல சங்கங்களில் கணக்குக் கொப்பி செயலாளரின் பைக்குள்ளேயே கிடக்கிறது. அவர் படுத்துவிட்டால் சங்கமும் படுத்துவிடும். முப்பது வயதுக்குள் இரண்டு பேரை இந்த வருடமே கணக்கில் உட்கார வையுங்கள், கையெழுத்து அதிகாரத்தோடு. கூட்டத்துக்கு நாற்காலி அடுக்க மட்டும் கூப்பிட்டால் அவர்கள் நிற்கமாட்டார்கள். கொழும்பில் இருக்கிற பிள்ளைக்கும் வேலை உண்டு: அங்கே வாங்குவோரைத் தேடட்டும், மாதக் கணக்கைப் போனில் பார்க்கட்டும்.