முதுகுப்பையை விட்டுவிட்டு மலையேறலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக்கில், காட்டுப் பாதைகளில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவது என் வழக்கம். கருவிகளையும் மாற்று டியூபையும் இதுவரை முதுகுப்பையில்தான் சுமந்து வந்தேன். ஏற்றத்தில் முதுகு நனைந்துபோகிறது. இறக்கத்தில் பை கழுத்தை நோக்கி ஏறி வந்து இடிக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய பையை மாட்டிக்கொண்டால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் வண்டியில், ஓட்டும்போதே சீட்டைத் தாழ்த்தி உயர்த்த உதவும் டிராப்பர் சீட் போஸ்ட் இருக்கிறது. டயர்கள், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் வகை. நண்பர்கள் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: பை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பின்பக்க ஷாக்கின் (அதிர்வுதாங்கியின்) காற்றழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு, சீட்டை மெல்ல அமுக்கி அமுக்கி விட்டபடியே, உள்ளேயிருக்கும் காற்றைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் சில ஷாக்குகள் அமுங்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். பிறகு டிராப்பரைக் கடைசி வரை தாழ்த்தி, சீட்டில் முழு எடையையும் போட்டு உட்காருங்கள். அந்நிலையில் டயருக்கும் சீட்டின் அடிப்பகுதிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி எஞ்சுகிறது என்பதை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய சக்கரமும் நீண்ட டிராப்பரும் உள்ள வண்டிகளில், குறிப்பாகச் சிறிய அளவு ஃபிரேம்களில், அந்த இடைவெளி பல வேளைகளில் இரண்டு விரல் அகலம்கூட இராது. அங்கே ஒரு பை தொங்கினால், நல்ல வேகத்தில் குதித்து இறங்கும் தருணத்தில் டயரின் முட்கள் அதைக் கிழித்துவிடும். கிழிந்த வார் சக்கரத்தில் சிக்கினால் உங்களையும் கீழே தள்ளும். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத, சீட் உயரம் மாறாத வண்டிக்கு உங்கள் நண்பர்களின் யோசனை நல்ல யோசனைதான்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு முன்னால், எதையெல்லாம் கொண்டுபோவது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதுகுப்பையில் இடம் இருப்பதாலேயே அதில் பொருள்கள் சேர்ந்துவிடுகின்றன. எந்தப் பழுது வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீடு திரும்ப நேரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டால், பட்டியல் வெகுவாகச் சுருங்கும். டயர் ஓட்டை, செயின் அறுதல், பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் வளைதல், ஏதாவது ஒரு போல்ட் தளர்தல் ஆகியவையே அநேகமாக எல்லாம். ஆகவே 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான ஆலன் கீகளும், டிஸ்க் போல்ட்டுகளுக்கு வேண்டிய டி25 நட்சத்திர முனையும், செயின் கட்டரும் கொண்ட மல்ட்டி டூல், டியூப்லெஸ் ஓட்டையில் செருகும் ரப்பர் திரிகள், ஒரு டியூப், ஒரு டயர் லீவர், ஒரு சிறிய பம்ப், உங்கள் செயினுக்கு உரிய இணைப்புக் கண்ணி, ஒரு ஹேங்கர் ஆகியவை போதும். கண்ணி விஷயத்தில் கவனம் வேண்டும். 11 கியர் செயினின் கண்ணி 12 கியர் செயினுக்குப் பொருந்தாது. ஹேங்கரும் முன்பெல்லாம் வண்டிக்கு வண்டி வேறுபட்டது. 2019இல் சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் யூடிஹெச் என்ற பொது வகையைக் கொண்டுவந்த பிறகு, அதற்கேற்ற ஃபிரேம் உள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. பம்பின் உடலில் ஒட்டும் நாடாவை நாலைந்து சுற்றுச் சுற்றி வைத்தால், டயரின் பக்கச்சுவர் கிழியும்போது உள்ளிருந்து ஒட்டுப்போட உதவும். அதற்கெனத் தனி இடம் தேட வேண்டியதில்லை.

இனி இடங்களைப் பார்ப்போம். ரப்பர் திரிதான் கைக்கு மிக அருகில் இருக்க வேண்டிய பொருள். டயருக்குள் இருக்கும் ஓட்டையடைப்புத் திரவமான சீலன்ட் ஓட்டையிலிருந்து பீய்ச்சியடிக்கும்போது ஒவ்வொரு நொடியும் காற்று போய்க்கொண்டிருக்கிறது. உடனே திரியைச் செருகிவிட்டால் பல வேளைகளில் பம்பைத் தொடாமலே பயணத்தைத் தொடரலாம். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் அடைப்பானுக்குப் பதிலாகப் பொருத்தும் திரிக் கருவிகள் கிடைக்கின்றன. கைப்பிடியின் வெளிமுனை திறந்திருக்கும் வகையாக இருந்தால் போதும். பம்பைத் தண்ணீர்ப் பாட்டில் கூண்டின் பக்கவாட்டில், அதனுடன் வரும் தாங்கியில் மாட்டி, அதன் மேல் ஒரு ரப்பர் பட்டையும் போடுங்கள். பட்டை இல்லாத பம்ப் கற்பாதையில் எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போகும். இப்போது வரும் பல ஃபிரேம்களில் மேல் குழாயின் அடியில் இரண்டு போல்ட் துளைகள் இருக்கின்றன. அங்கே மல்ட்டி டூலையும் டியூபையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டைத் தாங்கி ஒன்றைப் பொருத்துவதுதான் என் பார்வையில் ஆகச் சிறந்த ஏற்பாடு. துளைகள் இல்லையென்றால், ஷாக்கும் முழங்காலும் உரசாத ஒரு மூலையைத் தேர்ந்து, இழுத்து இறுக்கும் பட்டையால் கட்டலாம்.

கீழ்க் குழாயிலேயே கதவு வைத்து, உள்ளே அறை அமைத்த ஃபிரேம்களும் உண்டு. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்வாட் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. உங்கள் வண்டியில் அது இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எடையும் தாழ்வாக அமையும், சேறும் படாது. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் இறுகச் சுருட்டி உள்ளே தள்ளுங்கள். இல்லாவிட்டால் கற்பாதை முழுவதும் கடகடவென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

டியூபைக் கட்டும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வால்வு நுனியைத் திறந்து, வால்வுக்கு எதிர்ப்புறத்திலிருந்து டியூபைச் சுருட்டிக்கொண்டே வந்து காற்றை முழுவதும் வெளியேற்றிய பின் நுனியை மூடுங்கள். வால்வின் கூர்முனை ரப்பரைக் குத்தாதபடி அதன் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, டியூபின் மேல் சிறிது டால்கம் பவுடர் தூவி, ஒரு பழைய காலுறைக்குள் திணித்துவிடுங்கள். காலுறை இல்லாமல் வெறுமனே கட்டப்பட்ட டியூப், பட்டை உரசும் இடத்திலும் கருவி தொடும் இடத்திலும் தேய்ந்து, தேவைப்படும் நாளில் ஓட்டையோடு வெளியே வரும். சாதாரண ரப்பர் டியூபின் எடை 200 கிராமுக்கு மேல் இருக்க, டிபியூ எனும் மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன டியூப் 100 கிராமுக்குள் அடங்கிவிடும், உள்ளங்கையில் மறையும் அளவுக்குச் சுருங்கவும் செய்யும். ஆனால் டயருக்கு வெளியே அதை நிறைய ஊதிப் பார்க்கக் கூடாது, விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடும். பட்டை ஃபிரேமைத் தொடும் இடத்தில் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒன்றை முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள். இடையில் சிக்கும் மண் உப்புத்தாள் போல வண்ணப்பூச்சைத் தேய்த்துவிடும்.

பம்புக்குப் பதிலாகக் கார்பன் டைஆக்சைடு குப்பி போதாதா என்றும் கேட்பீர்கள். 16 கிராம் குப்பி 29 அங்குல டயரை ஏறத்தாழ 20 பிஎஸ்ஐ அழுத்தம் வரை நிரப்பும், அத்தோடு தீர்ந்துவிடும். முதல் ஒட்டு சரியாக அமையவில்லை என்றால் கையில் வெற்றுக் குப்பிதான் மிஞ்சும். அந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசிவதால், மறுநாள் டயர் தளர்ந்திருக்கும். போட்டியில் ஓட்டுபவருக்குக் குப்பி சரி. உங்களுக்குப் பம்பே போதும்.

சட்டையின் பின்பையில் எந்த உலோகக் கருவியையும் வைக்காதீர்கள். மல்லாந்து விழும்போது அது முதுகெலும்புக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டும்.

கேள்வி: முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்பகுதியான ஸ்டியரர் குழாய்க்குள் கருவியை ஒளித்து வைக்கும் முறை பாதுகாப்பானதா? என் ஃபோர்க் குழாய் அலுமினியத்தால் ஆனது.

பதில்: சரியாகப் பொருத்தினால் பாதுகாப்பானதே. ஃபோர்க் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கை இறுக்குவதற்கு மட்டுமே குழாயின் மேல்மூடி பயன்படுகிறது. ஹேண்டில்பாரைக் குழாயுடன் இணைக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளை முறுக்கிய பிறகு பிடிப்பு முழுவதும் ஸ்டெம்மின் பொறுப்பு. குழாய்க்குள் வைக்கும் கருவிகளில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்றில் குழாயின் உட்சுவரில் மரை வெட்ட வேண்டும். மற்றொன்றில் அது தேவையில்லை. கார்பன் குழாயில் மரை வெட்டுவதை எண்ணியும் பார்க்கக் கூடாது. உங்களுடையது அலுமினியம் என்றாலும், ஃபோர்க் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்; அனுமதி இல்லையென்றால் மரை வேண்டாத வகையே நல்லது. பொருத்தி முடித்ததும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹெட்செட்டில் லேசான தடதடப்பு தெரிந்தால், ஸ்டெம் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியைச் சற்று இறுக்கி, ஸ்டெம்மில் அச்சிட்டுள்ள நியூட்டன் மீட்டர் அளவுக்கு மீண்டும் முறுக்க வேண்டும்.