கார்டைக் கொடுத்த பிறகு "எனக்குத் தெரியாது" என்பது போதாது

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 24. தேயிலை ஃபெக்டரியில் க்ளார்க் வேலை. பள்ளித் தோழியின் அண்ணன், கொழும்பில் ஒன்லைன் வியாபாரம் செய்வதாகச் சொல்லி, என் பெயரில் புதிதாக ஒரு வங்கிக் கணக்குத் திறக்க வைத்தார். ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் 5,000 ரூபாய் வீதம் தந்தார். குருநாகலில் ஒருவரை ஏமாற்றி எடுத்த 385,000 ரூபாய் அந்தக் கணக்கில் விழுந்ததாம். இப்போது கணக்கு முடக்கம், பொலிஸ் வரச் சொல்கிறது, அவர் ஃபோன் எடுப்பதில்லை. வங்கியில் எல்லார் முன்னாலும் திட்டினார்கள். தோழி வீட்டாரோ எங்களையே குறை சொல்கிறார்கள். கூடப்பிறந்தவர் போல நம்பினேன். கார்ட் தொலைந்துவிட்டதாக பொலிஸில் என்ட்ரி போடச் சொல்கிறார் மாமா. போடலாமா?

பதில்: தங்கச்சி, அவர் செய்த துரோகத்தையும் வங்கியில் பேசிய பேச்சையும் ஒதுக்கி வையுங்கள். அவை வழக்கில் எங்கும் வரப்போவதில்லை. வரப்போகிற கேள்வி ஒன்றுதான்: அந்த 5,000 ரூபாயை எதற்காக வாங்கினீர்கள்?

2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் (குற்றத்தில் வந்த காசை நல்ல காசாகக் காட்டுவது) தடுப்புச் சட்டம், குற்றத்தில் வந்த காசு என்று தெரிந்தவரை மட்டும் பிடிப்பதில்லை. அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தவரையும் பிடிக்கும். வியாபாரம் செய்கிற ஆளுக்குச் சொந்தக் கணக்கு இல்லையா, உங்கள் கணக்குக்கு ஏன் மாதவாடகை என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கணக்குத் திறந்தபோது உங்கள் ஃபோன் நம்பரைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் கடினம். காலையில் பெருந்தொகை வரவு, சற்று நேரத்தில் மூன்று நான்கு தடவையாக எடுப்பு, மீதி இருநூறு ரூபாய். இந்த எஸ்எம்எஸ் எல்லாம் உங்கள் கைக்குத்தானே வந்திருக்கும்?

மாமா சொல்வதைச் செய்யவே செய்யாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கார்ட் போட்டவர் முதல் தடவையிலேயே சரியான பின் நம்பரை அடித்திருப்பது வங்கிப் பதிவில் இருக்கும். தொலைந்த கார்டைக் கண்டெடுத்தவனுக்குப் பின் நம்பர் எப்படித் தெரியும்? அந்த என்ட்ரியைப் போட்ட நிமிடமே, ஏமாந்த பெண் என்று பார்க்கக்கூடியவரைப் பொய் சொல்லித் தப்பப் பார்த்தவர் என்று பார்ப்பார்கள். பொலிஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றமாகவும் சேரும். வாட்ஸ்அப்பை அழிப்பதும் அதே மாதிரித்தான். அவர் கார்டைக் கேட்டது, என்ன காரணம் சொன்னது, 5,000 போட்டது எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டோம் என்று ஃபோனை விற்றுவிடவும் கூடாது. ஃபோனையே பத்திரமாக வைத்திருங்கள். உங்களைச் சந்தேகநபர் வரிசையிலிருந்து சாட்சி வரிசைக்குக் கொண்டுவர வழி இருந்தால் அது அந்தச் செய்திகள்தான்.

பொலிஸுக்குத் தனியாகப் போகாதீர்கள். போகாமலும் இருக்காதீர்கள், ஒளிந்தால் பிணை கேட்கும்போது அதுவே எதிராக வரும். சட்டத்தரணியோடு போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அந்த ஆளின் பெயர், ஃபோன் நம்பர், வீடு எல்லாவற்றையும் கொடுங்கள். தோழியின் முகத்துக்காக எதையும் மறைக்க வேண்டாம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போகலாம்" என்றால் போடாதீர்கள். தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதச் சொல்லலாம், இல்லாவிட்டால் வரிக்கு வரி விளக்கச் சொல்லலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். "வியாபாரத்துக்கு என்று சொல்லி வாங்கினார்" என்று நீங்கள் சொன்னது "காசு எடுக்கக் கொடுத்தேன்" என்று ஏட்டில் ஏறிவிட்டால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுவதைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த 385,000 ரூபாயைத் தவணையிலாவது கட்டத் தயாராகுங்கள். 15,000 வாங்கிவிட்டு ஏன் இவ்வளவு கட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் குருநாகல்காரரின் காசு விழுந்தது உங்கள் கணக்கில், அந்த ஆளைப் பிடித்துக் காசை வாங்கும்வரை அவர் உங்களை விடமாட்டார். ஏமாற்றியதாக நீதவான் நீதிமன்றத்தில் போடும் வழக்கில், முறைப்பாட்டாளரின் நட்டம் தீர்ந்தால் உங்கள் நிலை வெகுவாக இலகுவாகும். பணம் தூயதாக்கல் சட்டத்தில் போட்டால் அதைச் சமரசத்தில் முடிக்க முடியாது. ஆகவே பேச்சைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

ஆனால் பத்து ரூபாயைக்கூடக் கையில் கொடுக்காதீர்கள். "கேஸை முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரிடமும் வேண்டாம், "நான் முறைப்பாட்டாளரின் தம்பி" என்பவரிடமும் வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் காசைக் கொடுத்துவிட்டுத் துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் திரும்பியவர்கள், அதே தொகையை நீதிமன்றத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். கட்டுவது சட்டத்தரணி மூலம், நீதிமன்றத்தில், வழக்கேட்டில் பதிவாகும்படி இருக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டவில்லை என்பதையும் அங்கேயே எழுத வைக்க வேண்டும்.

வங்கி மேனேஜரோடு சண்டை வேண்டாம். விசாரணைக்காக முடக்கிய கணக்கை அவர் நினைத்தாலும் திறக்க முடியாது. முடக்கத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள், கணக்குத் திறந்த நாளிலிருந்து கணக்குக் கூற்றையும் கேளுங்கள். சம்பளக் கணக்கும் முடங்கியிருந்தால், அதில் விழுந்தது ஃபெக்டரிச் சம்பளம் மட்டும்தான் என்று சம்பளச் சீட்டுகளை வைத்துக் காட்டி அதை விடுவிக்கக் கேட்கலாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காக 1978இல் சட்டம் போட்டு அமைத்தது அது. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பொலிஸ் அனுப்பிய கடிதம், அந்த ஃபோன், இவற்றோடு பொலிஸுக்குப் போவதற்கு முந்திய நாளே போய்விடுங்கள்.